அத்தா ருசி பார்த்த கல்லூரிகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மதியத்திலிருந்து கிதர் முகம்மதுவின் போன் ஓயவில்லை. கல்யாண சீசனில்கூட அது அப்படி அடித்ததில்லை. ஆனால் ஒருவரும் பிரியாணி பேசக் கூப்பிடவில்லை. எல்லோரும் இன்ஜினியரிங் காலேஜ்காரர்கள். ரஃபியாவின் முழுப் பெயர், மார்க், எடுத்த குரூப், வீட்டு விலாசம் எல்லாம் அவர்கள் கையில் இருந்தது. பெற்ற அத்தாவுக்கே அவளுடைய கெமிஸ்ட்ரி மார்க் ஒரு காலேஜ்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

"வணக்கம் சார், ரஃபியாவோட ஃபாதருங்களா? நம்ம காலேஜ் நாக் ஏ ப்ளஸ் சார். ப்ளேஸ்மென்ட் பாத்தீங்கன்னா..."

"அது கெடக்கட்டும் தம்பி. ஹாஸ்டல்ல என்ன அரிசி போடுறீங்க?"

மறுமுனை கொஞ்சம் தடுமாறும்.

"ஹைஜீனிக் ஃபுட் சார். ஆர்.ஓ. வாட்டர்."

"தண்ணியக் கேக்கல. அரிசி."

"விசாரிச்சுட்டுச் சொல்றேன் சார்."

"விசாரிச்சுட்டுக் கூப்பிடுங்க," என்று வைத்துவிடுவார். பெரும்பாலும் அதே ஆள் மறுபடி கூப்பிட்டதில்லை. ஒருவர் மட்டும் மறுநாள் கூப்பிட்டு, "பொன்னி சார், பழைய அரிசி," என்றார். அவரைக் கிதர் முகம்மதுவுக்குப் பிடித்துப்போனது. வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் அந்த ஆள் தன் தங்கை கல்யாணத்துக்குச் சமையல் பேசி முடித்துவிட்டு வைத்தார். காலேஜ் பேச்சை இருவருமே மறந்துவிட்டார்கள்.

கிதர் முகம்மதுவுக்குக் கல்யாணச் சமையல் தொழில். பேகம்பூரில் வீடு. வீட்டுக்குப் பின்னால் அண்டாக்கள் கவிழ்த்து வைத்திருக்கும் ஒரு கொட்டகை. திண்டுக்கல்லில் இருந்து நத்தம் வரைக்கும், அந்தப் பக்கம் பழனி வரைக்கும், நிக்காஹ் என்றால் அவருடைய ஆம்னி வேனை வாசலில் பார்க்கலாம். எதையும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கிப் பார்த்து, கண்ணை மூடுவார். கண் திறக்கும்போது தீர்ப்பு வந்துவிடும். மண்டபம், சம்பந்தி வீடு, அரசியல் என்று அவர் அபிப்பிராயம் சொல்லாத விஷயம் கிடையாது. ஆனால் எல்லாவற்றையும் அங்கே என்ன சாப்பிடக் கிடைத்தது என்பதை வைத்துத்தான் சொல்வார்.

இன்ஜினியரிங் காலேஜ் விஷயத்தில் அவருக்கு ஏற்கனவே ஒரு காயம் இருந்தது. மூத்தவன் ஃபயாஸ், பிரமாதமான கட்டடங்கள் உள்ள ஒரு காலேஜில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறான்.

"நாலு வருசத்துல ரெண்டு வாங்கிட்டு வந்தான்," என்பார் கிதர் முகம்மது. "ஒண்ணு டிகிரி. இன்னொண்ணு அல்சர்."

ஆகவே ரிசல்ட் அன்று சாயந்தரமே மகளைக் கூப்பிட்டு, ஊரே கேட்கும்படி வாக்குக் கொடுத்தார்.

"எங்க வேணும்னாலும் படி. எது வேணும்னாலும் படி. அத்தா குறுக்க நிக்க மாட்டேன். ஆனா அங்க போடுற சோத்த நான் தின்னு பாத்துட்டுத்தான் விடுவேன்."

ரஃபியா தலையாட்டினாள். அவள் அதிகம் பேசுகிற பெண் இல்லை. தெருவில் பாதிப் பேர் அவள் குரலைக் கேட்டதே கிடையாது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவின்போதுகூட அவள் "பிரசன்ட்" சொன்னது டீச்சருக்குக் கேட்காமல், வகுப்பில் உட்கார்ந்துகொண்டே ஆப்சென்ட் ஆகியிருக்கிறாள்.

அவளுக்கு வேண்டியது இன்ஸ்ட்ருமென்டேஷன். வெப்பம், அழுத்தம், நீர்மட்டம் என்று எதையும் அளந்து, அளந்தபடி அடக்கி வைக்கிற படிப்பு. அந்த ஆசை வந்ததற்கு அந்த வீடே காரணம். அங்கே எதற்கும் அளவு கிடையாது. உப்பு ஒரு கை, மிளகாய்த்தூள் ஒரு அள்ளு, தம் போட்டால் "அது வெந்ததும் எறக்கு". ஒன்பதாவது படிக்கும்போது அவள் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிவந்து, தம் போட்ட அண்டாவின் மூடிக்குள் விடப் பார்த்தாள்.

"ஏ புள்ள, அண்டாவுக்கு என்ன காய்ச்சலா?" என்றார் அத்தா. வேலையாட்கள் சிரித்தார்கள். ரஃபியா தெர்மாமீட்டரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். ஆசையை வைத்துப் பூட்டவில்லை.

அவளுடைய கட்ஆஃபுக்குக் கிடைக்கக்கூடிய காலேஜ்களில், இன்ஸ்ட்ருமென்டேஷன் உருப்படியாக இருந்தது ஒரே இடத்தில்தான். பொள்ளாச்சி தாண்டி, கோயம்புத்தூர் போகிற வழியில். ஹாஸ்டலில் தங்கித்தான் படிக்க வேண்டும்.

அவளுடைய மன்சூர் மாமா இதைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். மன்சூர், அம்மா மெஹராஜின் தம்பி. தோல் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவர். கவுன்சிலிங் பற்றி யூடியூபில் உள்ள வீடியோ எல்லாம் பார்த்துவிட்டு, தெருவுக்கே ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

"கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொல்லுங்க மச்சான். நத்தம் ரோட்டுலயே காலேஜ் இருக்கு. நம்ம தெருமுனைக்கு பஸ் வருது. காலையில போயிட்டு சாயந்தரம் வீட்டுக்கு வந்துரலாம். இன்ஸ்ட்ருமென்டேஷன் படிச்சவன் ஒருத்தனையாவது நீங்க பாத்திருக்கீங்களா?"

"நீ எம்புட்டுப் பேரப் பாத்துட்ட?" என்றார் மெஹராஜ். "நாளெல்லாம் ஆட்டுத்தோல எண்ணிட்டு இருக்கிறவன்."

ரஃபியா அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து கை கழுவினாள். அந்த வீட்டில் சோற்றை மிச்சம் வைப்பது சாதாரண விஷயம் இல்லை. ஃபயாஸ் அல்சரோடு வந்தபோதுகூட மிச்சம் வைத்ததில்லை. கிதர் முகம்மது அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, சரி," என்றார் கடைசியில். "நான் சொன்ன சொல்லு சொன்னதுதான். நாலு எடம் போய்ப் பாப்போம். ருசி பாத்துட்டு முடிவு பண்ணுவோம்."

முதலில் போனது பழனிப் பக்கம் ஒரு காலேஜ். வேனில் பின்பக்கம் இரண்டு அண்டா, ஒரு மூட்டை கரி, நடுவில் ரஃபியா. வாசலில் டோல்கேட் மாதிரி ஒரு வளைவு. உள்ளே நீரூற்று. ஒரு மேடம் ஓடிவந்து, "வாங்க சார், வாங்க. ஏனுங்க, பிரயாணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சுங்களா?" என்று கேட்டு, ஏசி ஹாலுக்கு அழைத்துப்போனார். அங்கே பெற்றோர்களுக்கென்று தனியாகச் சாப்பாடு. பன்னீர், காலிஃபிளவர் வறுவல், ஐஸ்கிரீம்.

கிதர் முகம்மது நாற்காலியை விட்டு எழுந்தார்.

"இது மாப்பிள்ள டேபிளு. எனக்குத் தெரியாததா? பந்தியில என்ன விழுதுன்னு பாக்கணும்."

அந்த மேடம் திரும்புவதற்குள் அவர் மெஸ்ஸில் இருந்தார். ஒரு தட்டை எடுத்துக்கொண்டு மாணவர்கள் வரிசையில் நின்றுவிட்டார். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய கைலி, நரைத்த தாடி. ரஃபியா ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

பின்னால் நின்ற பையன் அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"சார், நீங்க எந்த டிபார்ட்மென்ட்?"

"மெக்கானிக்கல்," என்றார் கிதர் முகம்மது. அவருக்குத் தெரிந்த டிபார்ட்மென்ட் அது ஒன்றுதான்.

பையன் கையிலிருந்த போனைச் சட்டைப்பையில் போட்டான். "குட் ஆஃப்டர்நூன் சார். சார், எனக்கு அட்டென்டன்ஸ் கொஞ்சம் கொறையுதுங்க சார்."

"ஏன் கொறையுது?"

"காச்சல் சார்."

"நல்லா சாப்பிடு. சாப்பிட்டா எல்லாம் சரியாயிரும்."

"தேங்க்யூ சார்!" பையன் அந்தச் செய்தியைப் பின்வரிசைக்குக் கடத்தினான். அட்டென்டன்ஸ் குறைந்தவர்கள் நிறைய இருந்தார்கள் போலிருக்கிறது. கிதர் முகம்மது சாப்பிட உட்கார்ந்தபோது அவரைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. எல்லோருக்கும் ஒரே மருந்துதான் சொன்னார்.

ரசத்தை உள்ளங்கையில் விட்டார். நக்கினார். கண்ணை மூடினார்.

"இதுல நேத்து சாம்பார் இருக்கு," என்றார். கூட்டம் மரியாதையோடு ஆமோதித்தது.

வெளியே வந்ததும் வார்டனைப் பிடித்து ஒரு கேள்வி கேட்டார். "சனிக்கிழமையானா புள்ளைகள வீட்டுக்கு விடுவீங்களா?"

"மாசத்துக்கு ஒருக்காதாங்க."

"வேணாம்," என்றார் ரஃபியாவிடம். அவளுக்கு வருத்தமில்லை. அங்கே இன்ஸ்ட்ருமென்டேஷன் கிடையாது.

அடுத்தது மதுரைப் பக்கம். இங்கே வளைவும் இல்லை, நீரூற்றும் இல்லை. மெஸ்ஸுக்குள் நுழைந்ததுமே கிதர் முகம்மதுவின் நடை மெதுவாகியது. மூக்கு முன்னால் போயிற்று. சோறு உதிரியாக இருந்தது. வத்தக்குழம்பு மேலே எண்ணெய் பிரிந்து நின்றது. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இரண்டு வகை. அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் சோறு வாங்கினார். பிறகும் வாங்கினார். விரல்களை ஒவ்வொன்றாக நக்கினார்.

ரஃபியா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே எதிர்காலம் சரியாகிவிடும் என்று ஒரு நப்பாசை. இன்ஸ்ட்ருமென்டேஷன் என்று ஒரு போர்டு பார்த்திருந்தாள். ஆனால் போர்டு மாட்டிய அறைக்குள்ளே போனால் டேட்டா சயின்ஸ் நடந்துகொண்டிருந்தது. "யாரும் சேர மாட்டேங்குறாங்கன்னு போன வருசம் மூடிட்டோம்மா. போர்டு கழட்டணும்," என்றார் அட்டெண்டர்.

கிதர் முகம்மது வார்டனிடம் அதே கேள்வியைக் கேட்டார்.

"தாராளமா விடுவோம் சார்," என்றார் வார்டன். "ஆனா ஒரு புள்ள போகாது. ஞாயித்துக்கிழம இங்க பிரியாணி. வீட்டுல இருந்து வரச்சொல்லி போன் பண்ணாக்கூட, அடுத்த வாரம் வாரேன்னு சொல்லிருதுக."

இதைப் பெருமையாகத்தான் சொன்னார். ஆனால் கிதர் முகம்மதுவின் முகம் தம் சரியாகாத அண்டாவைத் திறந்தது போல ஆகிவிட்டது.

திரும்பும் வழியில் வாடிப்பட்டியில் டீ குடிக்க நிறுத்தியபோதுதான் வாயைத் திறந்தார்.

"வத்தக்குழம்புல ஒரு சொட்டு புளி தூக்கல்."

ரஃபியா அவர் விரல்களைப் பார்த்தாள்.

"அப்புறம், இம்புட்டு நல்லாப் போடுறான்னா, என்னமோ இருக்கு. இது சரிப்படாது. வேணாம்."

மூன்றாவதாகப் பொள்ளாச்சி தாண்டிப் போனார்கள். ரஃபியாவின் காலேஜ். அவள் மனதுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காலேஜ் பழையது. சுவரில் பெயின்ட் உரிந்திருந்தது. இன்ஸ்ட்ருமென்டேஷன் லேபில் ஒரு வயதான மேடம், கண்ணாடித் தொட்டி ஒன்றைக் காட்டினார். தொட்டியில் ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் அந்தக் கோட்டில் நின்றது. மேடம் ஒரு வாளித் தண்ணீரை உள்ளே ஊற்றினார். மட்டம் ஏறியது, ஒரு வால்வு தானாகத் திறந்தது, மட்டம் மறுபடி கோட்டுக்கு வந்து நின்றது. கீழே குழாயைத் திறந்துவிட்டார். இறங்கியது, மறுபடி கோட்டுக்கே வந்தது. ஊற்றினாலும் எடுத்தாலும் அது தன் இடத்தை விடுவதாக இல்லை.

"மேடம், நான் ஒரு வாட்டி ஊத்தலாமா?" என்று கேட்டாள் ரஃபியா.

கிதர் முகம்மது சட்டென்று திரும்பினார். வெளியாளிடம் மகள் தானாகப் பேசி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் ஊற்றினாள். மறுபடி ஊற்றினாள். மேடம் இன்னொரு வாளி கொண்டுவரச் சொன்னார். தரையெல்லாம் தண்ணீர். அங்கிருந்து அவளைக் கிளப்ப வேண்டியதாகிவிட்டது.

அதன் பிறகு மெஸ்.

ரஃபியா சாம்பாரைக் குனிந்து பார்த்தாள். அண்டாவின் அடி தெரிந்தது. கிதர் முகம்மது கரண்டியை வாங்கி ஒரு சுற்றுச் சுற்றினார். ஒரு முருங்கைக்காய் மேலே வந்து, எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

"இதுல பருப்பு எங்க தம்பி?"

மெஸ் மேற்பார்வைக்கு இருந்தவர் பெயர் பிராங்கிளின். இளைத்த மனிதர். "அடியில இருக்குங்க சார்," என்றார்.

கிதர் முகம்மது அடியில் தேடினார்.

"அடியிலயும் இல்லையே."

"அப்ப கரைஞ்சிருச்சுங்க சார்."

உள்ளங்கையில் விட்டார். நக்கினார். கண்ணை மூடினார். ரொம்ப நேரம் திறக்கவில்லை. பிறகு சனிக்கிழமைக் கேள்வியைக்கூடக் கேட்காமல், பிராங்கிளினுக்கு அரிசியில் தொடங்கி அடுப்பு வரைக்கும் ஒரு பிரசங்கம் செய்துவிட்டுத்தான் வெளியே வந்தார். பிராங்கிளின் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

வேனில் ஏறும்போது சொன்னார். "கூடாது. கண்டிப்பாக் கூடாது. என் புள்ள இதத் தின்னு படிக்கணும்னு எந்த விதியும் கெடையாது."

கவுன்சிலிங்குக்கான விருப்பப் பட்டியலை ஆன்லைனில் பூட்ட மறுநாள் மாலைதான் கடைசி. எந்தக் காலேஜை மேலே வைக்கிறோமோ அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். பட்டியலில் இல்லாத காலேஜ் கிடைக்கவே கிடைக்காது.

பொள்ளாச்சியிலிருந்து பேகம்பூர் வரைக்கும் ரஃபியா அண்டாவில் சாய்ந்தபடி யோசித்தாள். அழுகை வந்தது. அழுதுகொண்டே யோசித்தாள். ஓர் இடத்தில் ரசம் கெட்டிருந்தது, வேண்டாம். ஓர் இடத்தில் எல்லாமே நன்றாக இருந்தது, அதுவும் வேண்டாம். ஓர் இடத்தில் பருப்பே இல்லை, வேண்டாம். உள்ளே போவது இத்தனை மாறியும் முள் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால், அத்தா என்கிற அந்தக் கருவி சோற்றை அளக்கவில்லை. வேறு எதையோ அளக்கிறது.

எதை?

ஒட்டன்சத்திரம் தாண்டும்போது அவளுக்கு மதுரை வார்டன் நினைவுக்கு வந்தார். ஒரு புள்ள போகாது என்று அவர் சொன்னபோது அத்தாவின் முகம் விழுந்தது. அதற்கு முன் வரைக்கும் விரல் நக்கிக்கொண்டுதான் இருந்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் ஃபயாஸின் பழைய லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, முன்னால் மன்சூர் மாமா உட்கார்ந்தார். பக்கத்தில் ரஃபியா. எதிரில் கிதர் முகம்மது. மெஹராஜ் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல நத்தம் ரோடு, கம்ப்யூட்டர் சயின்ஸ்," என்றார் மன்சூர். "ரெண்டாவது மதுரை, டேட்டா சயின்ஸ். அங்க சாப்பாடும் நல்லாருக்குன்னு மச்சானே சொல்றாரு. கோயம்புத்தூர்ப் பக்கம் போடவே வேணாம்."

"ம்," என்றார் கிதர் முகம்மது. அதில் பலமில்லை.

"நத்தம் ரோடுன்னா புள்ள வீட்டுலயே சாப்பிடும். உங்களுக்கும் கவலையில்ல."

"எங்க சாப்பிடுது?" என்றார் மெஹராஜ், வெங்காயத்தைப் பார்த்தபடியே. "அந்தக் காலேஜ் பேச்சு எடுத்த நாள்ல இருந்து பாதித் தட்டு மிச்சம் வைக்கிறா. நாலு வருசத்துக்கும் அந்தத் தட்ட நீங்கதான் பாக்கணும். எனக்கென்ன?"

கிதர் முகம்மது அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்தார். பார்க்க முடியவில்லை.

"அப்ப மதுரையே மொதல்ல போடவா?" என்றார் மன்சூர். விரல் தயாராக இருந்தது.

"போடுங்க மாமா," என்றாள் ரஃபியா.

மூவரும் அவளைப் பார்த்தார்கள்.

"மதுரையே நல்லதுதான் அத்தா," என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஹாஸ்டல்ல எல்லாரும் சொன்னாங்க. ஞாயித்துக்கிழம பிரியாணியாம். சனிக்கிழமையே பரோட்டா போட்டுருவாங்களாம். நான் அங்கனயே இருந்துக்குவேன். வாராவாரம் பஸ் ஏறி அலைய வேணாம்."

கிதர் முகம்மது நிமிர்ந்து உட்கார்ந்தார். "எவன் வைக்கிறானாம் பிரியாணி?"

"தெரியல அத்தா. நல்லாருக்குமாம்."

"பாசுமதியா, சீரகச் சம்பாவா?"

"தெரியல. எல்லாரும் ரெண்டு தட்டு வாங்குவாங்களாம்."

அவருக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. குடித்தார்.

ரஃபியா மேசையில் இல்லாத ஒரு கோட்டை விரலால் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "அண்ணன் காலேஜ்ல படிக்கயில வாராவாரம் வந்துச்சுல்ல அத்தா? ஒரு சனிக்கிழம தப்பாது."

"ஆமா. வயித்தப் பிடிச்சுக்கிட்டே வருவான்."

"இப்ப ஓசூர்ல நல்ல மெஸ் கெடச்சிருச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். ஓசூரில் நல்ல மெஸ் கிடைத்ததிலிருந்து ஃபயாஸ் பெருநாளைக்குப் பெருநாள்தான் வருகிறான் என்பதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. மெஹராஜின் கத்தி வெங்காயத்தில் அப்படியே நின்றது. கிதர் முகம்மது சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார், போன தடவை மகன் வந்தது எப்போது என்று தேடுகிற மாதிரி.

"கோயம்புத்தூர்ப் பக்கம்னா," என்று ரஃபியா மெதுவாகத் தொடர்ந்தாள், "அந்தச் சாம்பார் தின்னு அஞ்சு நாள் தாங்கலாம். ஆறாவது நாள் யாராலயும் தாங்க முடியாது. வெள்ளிக்கிழம க்ளாஸ் முடிஞ்சதும் பஸ் ஏறிர வேண்டியதுதான்."

"பஸ் இருக்கா?" என்றார் கிதர் முகம்மது.

"நெறைய இருக்கு. பழனி வழியா."

"ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துரலாமா?"

"வந்துரலாம் அத்தா."

"வாராவாரமா?"

"வேற வழி?" என்றாள் ரஃபியா.

கிதர் முகம்மது கண்ணை மூடினார். உள்ளங்கையில் ஒன்றும் இல்லை, இருந்தாலும் மூடினார். திறந்தபோது குரல் மாறியிருந்தது.

"மன்சூரு, அத மேல ஏத்து."

"எத மச்சான்?"

"அந்தப் பருப்பில்லாத காலேஜ."

"மச்சான், நேத்து நீங்கதான்..."

"நேத்து நான் சாம்பாரப் பாத்தேன். படிப்பப் பாக்கல. அந்த மேடம் எம்புட்டுப் பொறுமையா தண்ணி ஊத்திக் காட்டுனாங்க தெரியுமா? ஏத்துடா!"

"ரெண்டாவது என்ன போடட்டும்?"

"சாப்பாடு அதவிட மோசமா வேற எங்கயாச்சும் இருக்கா?"

மன்சூர் யூடியூபில் இதற்கு வீடியோ பார்த்ததில்லை. அக்காவைப் பார்த்தார். மெஹராஜ் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பூட்டுவதற்கான எண் கிதர் முகம்மதுவின் போனுக்கு வந்தது. அவரே உரக்க வாசித்தார். அவசரத்தில் அதை விட்டுவிட்டு, ஒட்டன்சத்திரத்து வியாபாரி அனுப்பியிருந்த தக்காளி விலையை வாசித்துவிட்டார். மறுபடி அனுப்பச் சொல்லி, மறுபடி வாசித்து, நேரம் முடிவதற்குள் ஒருவழியாகப் பூட்டினார்கள்.

சீட் கிடைத்தது. அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. இன்ஸ்ட்ருமென்டேஷனுக்கு அந்த வருசமும் போட்டி குறைவு.

சேருகிற நாளில் அத்தா, அம்மா, மகள் மூன்று பேரும் வேனில் போனார்கள். பெட்டி, பக்கெட், படுக்கை, ஊறுகாய் மூன்று பாட்டில். ஹாஸ்டல் ரூமில் எல்லாம் வைத்து முடித்ததும் மெஸ்ஸில் பெற்றோர்களுக்கும் சாப்பாடு என்றார்கள். கிதர் முகம்மது கொஞ்சம் பரபரப்பாக இருந்தார். வழியெல்லாம் அவருக்கு ஒரே பயம்.

"அன்னிக்கு நான் அம்புட்டுப் பேசிட்டு வந்தேனே," என்று மனைவியிடம் இரண்டு மூன்று முறை சொல்லிவிட்டார். "ரோசப்பட்டுத் திருந்தியிருப்பானோ?"

பிராங்கிளின் அவரைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டு உள்ளே போகப் பார்த்தார். கிதர் முகம்மது விடவில்லை.

"தம்பி, இங்க வாங்க. சாம்பாரு ஊத்துங்க."

பிராங்கிளின் ஊற்றினார். கிதர் முகம்மது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினார். கண்ணை மூடினார். மெஹராஜ் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தார்.

கண் திறந்தது. முகம் மெல்ல மலர்ந்தது.

"இன்னிக்கு யாரு வச்சது?"

"சார், மாஸ்டர் லீவுங்க சார். அதனாலதான்..."

"லீவா?" கிதர் முகம்மது பதறிப்போனார். "அப்ப அவரு வந்தா நல்லா வச்சிருவாரா?"

பிராங்கிளின் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்ல வராத மனிதர்.

"இல்லீங்க சார். அவரு வச்சாலும் இப்படித்தானுங்க."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் கிதர் முகம்மது. எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப சந்தோசம் தம்பி. இப்படியே வச்சுக்கங்க. யாரு என்ன சொன்னாலும் எதையும் மாத்திராதீங்க."

பிராங்கிளின் அங்கே வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், உக்காருங்க சார், நீங்க நல்லா சாப்பிடணும்," என்று சொல்லி, அண்டாவையே பக்கத்தில் இழுத்துவைத்து, கிதர் முகம்மதுவின் தட்டில் சோறு மறைகிற அளவுக்கு ஊற்றினார். ஊற்றிவிட்டுப் போகவும் இல்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

கிதர் முகம்மது தட்டைப் பார்த்தார். எதிரில் இருந்த மகளைப் பார்த்தார். ரஃபியா தன் தட்டில் இருந்ததை ஒரு வாய் வைத்துவிட்டு, விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருந்தாள். ஆனால் முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

அவர் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

"எப்படி இருக்கு?" என்று மெஹராஜ் காதோரம் கேட்டார்.

"வாராவாரம் வந்துருவா," என்றார் கிதர் முகம்மது. "தண்ணிய எடு."